குரலும் கல்வியே

(வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில், அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர், பி.ஏ., பி.எட்., நிகழ்த்திய உரை)



கழகம் தோன்றிய நாளில் நம் பிள்ளைகளுக்கு வேண்டியிருந்தவை புத்தகமும், மாலை வகுப்பும், அமர்ந்து படிக்க ஓரிடமுமே. அவற்றைக் கழகம் தேடித் தந்தது. பின்னர்ப் போட்டித் தேர்வுக்குரிய பயிற்சியையும் தந்தது. அதன் பயனாக இன்று நம்மிடையே பட்டதாரிகள் பலர் இருக்கின்றனர். இந்நன்னாளில் நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளோ, எந்தச் சான்றிதழிலும் மதிப்பெண் இடப்படாத ஒன்று. அதுதான் நம் குரல். பெற்ற கல்வியைப் பிறர் செவிக்குக் கொண்டுசெல்லும் வாகனம் அது. அந்த வாகனம் பழுதுபட்டிருப்பின், ஏற்றிய சரக்கு எத்துணைச் சிறந்ததாயினும் ஊர் போய்ச் சேராது.

எம் தந்தையார் தண்டோரா போடுபவராக இருந்தார். வரி கட்டும் நாள், ஏரி மீன் ஏலம், ஊர்க்கூட்டம் ஆகிய எச்செய்தியாயினும் அவர் வாயிலாகவே ஊருக்குத் தெரியும். தப்பை ஓங்கித் தட்டிவிட்டு அவர் குரலெடுத்தால் நான்கு தெருவுக்கும் கேட்கும். கடைசி வீட்டில் நெல் குத்துகிறவர்களும் உலக்கையை நிறுத்திவிட்டுச் செவி கொடுப்பார்கள். சிறுவனாக அவர் பின்னே நடந்த எமக்கு அது பெருமையாக இருக்கும். அன்று மாலையே, அந்த வேலைக்குரிய நெல்லைக் கேட்க, ஒரு பெரிய வீட்டின் பின்கட்டு வாசலில் அவர் நிற்பார். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கும். வலக்கை வாயருகே செல்லும். அப்போது அவர் பேசியது, பக்கத்தில் நின்ற எமக்கே கேட்டதில்லை.

ஊராரின் செய்தியைச் சொன்னபோது நான்கு தெருவுக்கு எட்டிய குரல், தம் கூலியைக் கேட்டபோது நான்கு அடிக்கு எட்டவில்லை. தொண்டை ஒன்றே, நுரையீரலும் ஒன்றே. ஆகவே, நம்மவர் குரல் மெலிந்தது இயற்கையால் அன்று. கைகட்டி, வாய்பொத்தி நிற்குமாறு பல தலைமுறைகளுக்கு அளிக்கப்பட்ட பயிற்சியால் அது மெலிந்தது. பயிற்சியால் மெலிந்ததைப் பயிற்சியாலேயே மீட்கலாம் என்பதே இன்று நாம் கூற விரும்பும் ஒரே செய்தி.

தண்டோரா போடும் வழக்கத்துக்குத் தடை விதிக்குமாறு 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தமிழக அரசு மாவட்ட ஆட்சியர்களுக்கு அறிவுறுத்திற்று. அதனைக் கேட்க எம் தந்தையார் இல்லை. தோளிலிருந்து தப்பு இறங்கிவிட்டது. வாயருகே சென்ற கைதான் இன்னும் நம்முள் பலரிடத்தில் இறங்கவில்லை.

இதற்குச் சான்றாக ஒன்று கூறுவோம். நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் பட்டம் பெற்று, எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் பெற்று, நேர்முகத் தேர்வுக்குச் சென்று திரும்பினார். வேலை கிட்டவில்லை. "எல்லாக் கேள்விக்கும் விடை சொன்னேன் ஐயா. ஒவ்வொரு முறையும் இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார்கள். இரண்டாம் முறை சொல்லும்போது எனக்கே ஐயம் வந்துவிட்டது" என்றார். இதைச் சொல்லும்போதும் அவர் விரல்கள் உதட்டை வருடிக்கொண்டே இருந்தன. பின்கட்டு வாசலை அவர் தம் வாழ்நாளில் கண்டதில்லை. ஆயினும் அந்தக் கை அவரிடம் வந்து சேர்ந்திருந்தது.

அவருக்கு வேலை கிடைக்காமைக்குக் குரலே காரணம் என்று நாம் துணிந்து கூறோம். குரல் எவ்வளவு திருந்தினாலும், சாதி பார்த்து மூடப்படும் கதவுகள் உள்ளன. அவற்றைத் திறப்பதற்குச் சட்டமும் அமைப்பும் வேண்டும். ஆனால் நமக்குத் தெரிந்த விடை மேசைக்கு அப்பால் போய்ச் சேராமல் போகுமாயின், அந்த இழப்பையேனும் நாமே தடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

நிற்க. நல்ல குரல் பிறவியிலேயே அமைய வேண்டும் என்று கூறுவாருளர். குரல் எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிந்தால் அக்கூற்று முழு உண்மையன்று என்பது விளங்கும். நுரையீரலிலிருந்து வெளிவரும் காற்று, குரல்வளையில் உள்ள இரு மெல்லிய மடிப்புகளை அதிரச் செய்கிறது. பேசும்போது அம்மடிப்புகள் ஆண்களுக்கு நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 முறையும், பெண்களுக்கு ஏறத்தாழ 200 முறையும் அதிர்கின்றன. அங்கே எழும் ஒலி மிகச் சிறியது. தொண்டை, வாய், மூக்கு ஆகிய அறைகளில் எதிரொலித்தே அது பெருகுகிறது. நாவும் இதழும் பல்லும் அண்ணமும் சேர்ந்து அதனைச் சொல்லாக்குகின்றன. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என ஓர் இயலே வகுத்து, உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் எழுத்தொலியாவதை விளக்கியிருக்கிறார். மடிப்புகளின் நீளம் பிறவியில் அமைவது. அதனை நாம் மாற்ற இயலாது. காற்றை ஆள்வதும், வாயைத் திறப்பதும், நாவை உரிய இடத்தில் வைப்பதும் நம் கையில் இருப்பவை. பயிற்சி வேண்டுவதும் இவற்றுக்கே.

முதலாவது, நிற்கும் முறை. இரு பாதங்களும் தரையில் நன்கு ஊன்றியிருக்க, தோள்கள் தளர்ந்திருக்க, முகம் எதிரிலிருப்பவரை நோக்கி நேராக இருத்தல் வேண்டும். குனிந்த தலை தொண்டையை நெருக்கும். கைகள் உடலின் இருபுறமும் இயல்பாக இருக்கட்டும். கட்டிய கை மார்பை இறுக்கும். வாயருகே உள்ள கை ஒலியை மறிக்கும். பணிவு என்று நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒவ்வொன்றும் மூச்சுக்குப் பகையாக இருப்பதை எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, மூச்சு. அச்சம் வந்தால் மூச்சு மேல்மார்பிலேயே நின்றுவிடுகிறது. மல்லாந்து படுத்து, வயிற்றின்மேல் ஒரு புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள். மூச்சை இழுக்கும்போது புத்தகம் உயர்ந்து, விடும்போது தாழ வேண்டும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையேயுள்ள உதரவிதானம் தொழிற்படுவதற்கு அதுவே அடையாளம். பின்னர் எழுந்து நின்று, ஒரே மூச்சில் 'ஆ' என்னும் ஒலியை ஏற்றத்தாழ்வின்றி நீட்டிப் பழகுங்கள். தொடக்கத்தில் 8 அல்லது 10 நொடிகளில் அது அடங்கிவிடலாம். சில வாரப் பயிற்சியில் 15 நொடிகளை எட்டலாம். மூச்சு தீரும் முன்பே நிறுத்திவிட வேண்டும். வலிந்து இழுத்தல் கூடாது.

மூன்றாவது, ஒலித் தெளிவு. நம்மில் பலர் வாயைப் போதிய அளவு திறவாமலே பேசுகின்றனர். நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று இலக்கணத்தில் படித்துவிட்டு, பேசும்போது அரை மாத்திரைகூடத் தருவதில்லை. வலி, வளி, வழி, ஒலி, ஒளி, ஒழி, அரை, அறை, மனம், மணம் போன்ற சொற்களை வாய்விட்டு மெல்லப் படித்துப் பழகினால், நா தன் இடத்தை அறிந்துகொள்ளும்.

நான்காவது, நம் மொழிக்கே உரிய ஒரு செய்தி. தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. 'அந்த வேலையை நான் முன்பே செய்திருக்கிறேன்' என்பதற்கும் 'செய்ததில்லை' என்பதற்கும் உள்ள வேறுபாடு கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. அச்சமுற்றவர் வாக்கியத்தை உரக்கத் தொடங்கி, போகப் போகக் குரல் இறங்கி, இறுதிச் சொல்லை விழுங்கிவிடுகிறார். கேட்பவருக்கு எழுவாயும் செயப்படுபொருளும் கிட்டுகின்றன; உண்டா இல்லையா என்பது கிட்டுவதில்லை. அதனால்தான் 'இன்னொரு தடவை சொல்லுங்கள்' என்கிறார்கள். ஆகவே, தமிழில் பேசுவோர் மூச்சின் ஒரு பகுதியை வினைமுற்றுக்கென்று சேமித்து வைத்தல் வேண்டும். இந்த ஒன்றை மட்டும் இன்று நீங்கள் வீட்டுக்குக் கொண்டுசென்றாலும் நம் உரை பயனுடையதாகும்.

ஐந்தாவது, வேகம். முடித்துவிட்டு ஓடிவிட வேண்டும் என்னும் பரபரப்பே விரைந்த பேச்சுக்குக் காரணம். பேசும் உரிமையை இரவலாகப் பெற்றிருப்பவர்போல் நாம் ஏன் விரைய வேண்டும்? கேள்வி முடிந்தபின் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு விடை தொடங்குவது குற்றமன்று. கருத்து முடியுமிடத்தில் சற்றே நிறுத்துவது, கேட்பவருக்கு எண்ணிப் பார்க்க இடம் தருவதாகும்.

உரத்த குரல் என்று சொன்னால் சிலர் கூச்சலிடத் தொடங்கிவிடுகின்றனர். அந்தத் தவற்றை நாமும் செய்திருக்கிறோம். ஆசிரியப் பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், 60 மாணவர் கொண்ட வகுப்பில், நம்மை யாரும் குறைவாக எண்ணிவிடக் கூடாதே என்னும் எண்ணத்தில் நாள் முழுவதும் கத்தியே பாடம் நடத்தினோம். காலாண்டுத் தேர்வு வருமுன் குரல் அடியோடு கம்மிப் போயிற்று. அப்போது மூத்த ஆசிரியர் ஒருவர், "கடைசி வரிசைப் பையனைப் பார்த்து அவனோடு பேசுங்கள், முதல் வரிசையைப் பார்த்துக் கத்தாதீர்கள்" என்று அறிவுரை கூறினார். அன்றுமுதல் குரலும் பிழைத்தது, வகுப்பும் அடங்கிற்று. கத்தும்போது தொண்டைத் தசைகள் இறுகி, மடிப்புகள் ஒன்றோடொன்று கடுமையாக மோதுகின்றன. மூச்சின் துணையால் பேசுங்கால் அத்துன்பம் இல்லை. ஒலிபெருக்கி இருப்பின் வாய்க்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு, இயல்பாகப் பேசினாலே போதும்.

குரலைப் பேணுவதும் பயிற்சியின் ஒரு பகுதியே. அடிக்கடி தண்ணீர் அருந்துதல் நலம். தொண்டையை ஓயாமல் செருமுதல் மடிப்புகளைப் புண்படுத்தும். பீடி, சிகரெட்டு, புகையிலை ஆகியவை குரலுக்கு மட்டுமன்றி உயிருக்கும் கேடு. குரல் கம்மல் மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால், கைமருந்தோடு நின்றுவிடாமல், காது மூக்கு தொண்டை மருத்துவரைக் காண வேண்டும்.

இன்னொன்றையும் வற்புறுத்த விரும்புகிறோம். தெளிவாகப் பேசுதல் என்பது வேறொரு சாதியாரின் பேச்சைப் பின்பற்றுவதன்று. நம் தெருவின் பேச்சுக்கு அதற்குரிய அழகும் நகைச்சுவையும் வேகமும் உண்டு. தாயோடும் நண்பரோடும் அப்பேச்சிலேயே பேசுங்கள். அலுவலகத்திலும் அவையிலும் பொதுத்தமிழில் பேசுங்கள். வயலுக்கு ஓர் உடையும் விழாவுக்கு ஓர் உடையும் வைத்திருப்பவர், ஒன்றைக் கண்டு மற்றொன்றுக்கு வெட்கப்படுவதில்லை. கேலிக்கு அஞ்சி வாயடைத்துப் போவதே இழிவு. வட்டார வழக்கு இழிவாகாது.

குரலால் என்ன செய்ய இயலும் என்று கேட்போர் நம் முன்னோரின் வரலாற்றைப் பார்க்கட்டும். 1923-இல் சென்னைச் சட்டமன்றத்துள் நுழைந்த திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் பொது இடங்களிலும் தாழ்த்தப்பட்டோர் தடையின்றிப் புழங்கலாம் என்னும் தீர்மானத்தை 1924-ஆம் ஆண்டு அம்மன்றத்தில் கொண்டுவந்தார், அது நிறைவேறிற்று. எந்தத் தெருவில் நடக்கக் கூடாது என்று ஊர் விலக்கிற்றோ, அந்தத் தெருவைப் பற்றி அவர் மன்றத்தில் எழுந்து நின்று பேசினார். 1930-இல் இலண்டனில் கூடிய வட்டமேசை மாநாட்டில் அவரும் அண்ணல் அம்பேத்கரும் நம் சார்பில் அமர்ந்தனர்.

அண்ணல் அம்பேத்கர் பள்ளியில் பயின்றபோது, மற்றப் பிள்ளைகளிடமிருந்து விலகி, வீட்டிலிருந்து கொண்டுசென்ற சாக்குத் துணியில் அமர்ந்தார். தாகம் எடுத்தால் குழாயைத் தாமே தொட முடியாது. பள்ளிச் சேவகர் வந்து திறந்துவிட வேண்டும். அவர் வராத நாளில் தண்ணீர் இல்லை. அந்தச் சிறுவரே பின்னாளில் அரசியல் நிருணய சபையில் பேசினார். 1946-ஆம் ஆண்டு திசம்பர் 17 அன்று அவைத் தலைவர் அவரை எதிர்பாராத வகையில் அழைத்தபோது, தமக்கு முன் இருபது பேரளவில் பேசவிருப்பதாகவும், தம் முறை மறுநாளே வருமென்று எண்ணியதாகவும், ஆயத்தமின்றி வந்திருப்பதாகவும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் பேசத் தொடங்கினார். அவ்வுரை இன்றும் படிக்கப்படுகிறது. அன்றைக்கென்று ஆயத்தம் இல்லாதிருக்கலாம். அதற்குப் பின்னே 30 ஆண்டுக்கு மேற்பட்ட படிப்பு இருந்தது. குரல் வாகனமே; சரக்கைப் படிப்புத்தான் தரும் என்பதை இளைஞர்கள் மறந்துவிடலாகாது.

நம் பெண்மக்களுக்கோ இருமடங்கு தடை. சாதியின் பேரால் ஊர் அடக்கிற்று; பெண் குரல் வெளியே கேட்கலாகாது என்று வீடும் அடக்கிற்று. ஆயினும் நடவு வயலில் அவர்கள் எடுக்கும் பாட்டு அடுத்த ஊர் எல்லைக்குக் கேட்டது. அன்னை மீனாம்பாள் சிவராஜ் (1904–1992) அந்நாளிலேயே மேடையேறி நம் உரிமைக்காகப் பேசினார். ஆதலின், பெண்பிள்ளை உரக்கப் பேசினால் 'அடங்கு' என்று சொல்லும் வழக்கத்தை நம் வீடுகளிலிருந்து முதலில் நாமே நீக்குதல் வேண்டும். வெளியார் பொத்திய வாயை நாமும் பொத்துவது முறையாகுமா?

இறுதியாகக் கழகத்தாருக்குச் சில வேண்டுகோள்கள். மாலை வகுப்பில் நாள்தோறும் 15 மணித்துளிகளை வாய்விட்டுப் படிப்பதற்கென ஒதுக்குக. செய்தித்தாளின் ஒரு பகுதியை ஒருவர் நின்று படிக்க, கடைசியில் அமர்ந்திருப்பவர் கேட்கவில்லையெனில் கையை மட்டும் உயர்த்துக, நகைத்தல் கூடாது. வாரம் ஒருநாள் ஒவ்வொருவரும் மூன்று மணித்துளி பேசட்டும். பேசியதைக் கைப்பேசியில் பதிவு செய்து தாமே கேட்கட்டும். தம் குரல் தமக்கே வேற்றுக் குரலாகத் தோன்றும். பேசும்போது நம் குரலை எலும்பின் வழியாகவும் நாம் கேட்பதே அதற்குக் காரணம். பதிவில் கேட்பதுதான் ஏறத்தாழ உலகம் கேட்கும் குரல் என்று கொண்டு, விழுங்கிய சொற்களை எண்ணித் திருத்துக. தேர்வுக்குச் செல்பவருக்கு, மேசைக்கு அப்பால் மூவரை அமர்த்தி மாதிரி நேர்முகம் நடத்துக. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாள்களில் கூடும் கிராம சபையில், நம் குடியிருப்பின் குடிநீரையும் சாலையையும் சுடுகாட்டுப் பாதையையும் பற்றிய கோரிக்கையை இளைஞர் ஒருவர் எழுந்து நின்று படிக்கட்டும். நேர்முகத் தேர்வுக்கு அதனினும் சிறந்த பயிற்சி இல்லை; ஊருக்கும் அதனால் பயன் உண்டு.

முன்னர்க் கூறிய அந்த மாணவர் நம் பள்ளிக்கு ஆறு மாதம் மாலைதோறும் வந்தார். ஆளில்லாத வகுப்பறையில் அவர் முன்னே நின்று படிப்பார். நாம் கடைசி இருக்கையில் அமர்ந்திருப்போம். முதல் மாதத்தில் நாம் கையை உயர்த்திக்கொண்டே இருந்தோம். ஆறாம் மாதத்தில் கையை உயர்த்த வேண்டியிருக்கவில்லை. இன்று அவர் ஓர் அலுவலகத்தில் பணியாற்றுகிறார். மனுவோடு வரும் முதியவர் வாயருகே கையைக் கொண்டுசென்றால், "கையை எடுத்துவிட்டுச் சொல்லுங்கள் ஐயா, எனக்கு நன்றாகக் கேட்கட்டும்" என்று சொல்வதாக அவரே நம்மிடம் கூறினார். கழகத்தின் 25 ஆண்டு உழைப்புக்கு இதனினும் உயர்ந்த பரிசை நாம் அறியோம்.

இளைஞர்களே, அக்குரலை நாம் புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை. நான்கு தெருவுக்கும் கேட்ட குரல் அது. இதுகாறும் பிறர் செய்தியைச் சொல்லிற்று. இனி நம் செய்தியைச் சொல்லட்டும்.